மூன்று ரொட்டிக்கு ஒரு பேச்சு

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்த அனுமதி கேட்கிறேன். நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை, அனுமதிதான் கேட்கிறேன். விருப்பமில்லையென்றால் இந்த வரியோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம், உங்கள் மேல் எனக்குக் குறை இராது. இருப்பதானால் இறுதிவரை இருங்கள். நான் கேட்பது தீர்ப்பை அல்ல. நடந்தது நடந்தபடியே சொல்லப்பட்டதா என்று பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

எழுபதுகளின் பிற்பாதி. திருச்சியிலிருந்து ஆராய்ச்சி மாணவனாகச் சிட்னிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. கல்லூரி நாட்களில் நான் ஏறிய மேடைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கோப்பையோடுதான் இறங்கியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் தவறில்லை. ஆனால் சிட்னியில் என்னைப் பேச அழைப்பார் யாருமில்லை. பல்கலைக்கழக விவாத மன்றத்தில் ஒருமுறை எழுந்தேன்; என் வாதத்தைக் கேளாமல் என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுப் புன்னகைத்தார்கள். மறுமுறை எழவில்லை.

சிட்னியின் புறநகரான ஹோம்புஷ்ஷில் ஓர் அறை. அதைப் பகிர்ந்துகொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை அண்ணே என்று அழைத்தேன். படிக்க வந்தவர் அவர். இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டுப் பணம் நின்றது. பணம் நின்றதும் படிப்பு நின்றது. படிப்பு நின்றதும் விசாவும் முடிந்தது. அவர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டார். பகலில் ஒரு மரப் பட்டறையில் வேலை. பட்டறை முதலாளி கையெழுத்திட, ஒரு வழக்கறிஞர் அவருக்காக அரசுக்கு மனு எழுதியிருந்தார். பதில் வரும்வரை யார் கையிலும் அகப்படாமல் இருந்தால் தங்கிவிட வழியுண்டு. அகப்பட்டால் அடுத்த விமானம். அந்தப் பதிலுக்காகத்தான் அவர் நாள்தோறும் வேலை முடிந்து வந்ததும், சட்டைகூட மாற்றாமல், தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

இரவில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. மாட்டிறைச்சிக் கூடத்துக்குப் போகும் சாலை ஓரத்தில், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மெக்சிகோக்காரர் உணவு வண்டி நிறுத்துவார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். உள்ளூர்ப் பெண்ணை மணந்து முறையான காகிதங்களோடு வாழ்பவர். கோழித் தீவனக் கடையில் மக்காச்சோளம் வாங்கிச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இறைச்சி அரைக்கும் எந்திரத்தில் அரைத்து, உள்ளங்கை அகலத்தில் ரொட்டி தட்டுவார். நடுவில் சிவப்பு பீன்ஸ், அல்லது கூடத்திலிருந்து வரும் மலிவான மாட்டு நாக்கு, மேலே வெங்காயம், அதற்கும் மேலே தம் வீட்டுக் கொல்லையில் மண்ணெண்ணெய் டின்களில் வளர்த்த மிளகாய். டாக்கோ என்பார். அண்ணன் வண்டியின் பின்புறம், விளக்கு எட்டாத இடத்தில் நின்று தட்டுக் கழுவுவார். சாலையில் ஏதாவது ஒரு கார் வேகம் குறைத்தால் அவர் கையிலிருக்கும் தட்டின் ஓசை நின்றுவிடும். கார் கடந்துபோன பின் மீண்டும் தொடங்கும்.

வாரக் கடைசியில் என் சட்டைப்பையில் ரயில் சீட்டு மட்டுமே இருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனோடு அங்கே போனேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு கவளத்தின் காரம் என் காதைச் சூடேற்றியது. அந்த உற்சாகத்தில், ஒரு டாக்சி ஓட்டுநர் கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்றை மறுத்துப் பேசினேன். பேச்சு நீண்டது, இரவுப் பணியாளர்கள் கூடினார்கள். மெக்சிகோக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஏறு என்றார்.

முடிவில் மூன்று டாக்கோக்களை என் முன்னே வைத்தார். "நீ பேசினா ஆளுங்க நிக்கிறாங்க. நின்னா அவங்களுக்குப் பசிக்குது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வா. மூணு ரொட்டிக்கு ஒரு பேச்சு."

கோப்பைகளைவிட அந்த மூன்று ரொட்டிகள் எனக்கு இனித்தன.

"பேச்சாளர் ஐயா, இண்டைக்கு என்ன தலைப்பு?" என்று அண்ணன் வழியெல்லாம் கேலி செய்வார். "ஊரிலை மைக்கைப் பிடிச்சால் பொன்னாடை போடுவினம். இஞ்ச மாட்டு நாக்குப் போடுகினம். நாக்குக்கு நாக்கு, சரிதானே!"

எனது ஐந்தாம் அல்லது ஆறாம் வெள்ளியன்று அந்த மனிதர் வந்தார். பழுப்பு மழைக்கோட்டு. மழையில்லாத இரவிலும் அதை அணிந்திருப்பார். காரைத் தொலைவில், அத்தி மரத்தின் கீழ், விளக்கை அணைத்து நிறுத்திவிட்டு நடந்து வருவார். மிளகாய் வேண்டாம் என்பார். ஒவ்வொரு கடிக்கும் கைக்குட்டையில் விரல்களைத் துடைப்பார். மற்றவர்கள் மென்றுகொண்டே கேட்பார்கள். அவரோ மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அப்படிப்பட்ட செவி எனக்கு எந்த அவையிலும் கிட்டியதில்லை. அவரைப் பார்த்தே பேசத் தொடங்கினேன்.

அவர் மூன்றாம் முறை வந்த இரவு, திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார்: "தம்பி, அந்த மழைக்கோட்டுக்காரன் ஆரெண்டு தெரியுமோ?"

"ரசிகர்ணே. எவ்வளவு நல்லாக் கேக்குறாரு, பாத்தீங்களா?"

"கேக்கிறார்தான். ஆனால் சாப்பிடேல்லை. இறைச்சியை நாய்க்குப் போட்டிட்டு ரொட்டியின்ரை கரையை மட்டும் கடிக்கிறார். பசியில்லாதவன் ஆராவது இந்த மணத்துக்கை வந்து நிப்பானோ?"

"உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகம்."

"சந்தேகப்பட்டுத்தான் ரெண்டு வருசமா இஞ்ச இருக்கிறன். நீ பேசு, வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. என்ரை பக்கம் மட்டும் திரும்பாதை."

ஆகட்டும் என்றேன். அன்று அதை ஓர் அச்சப்பட்ட மனிதனின் புலம்பலாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி காற்று இறைச்சிக் கூடத்தின் பக்கமிருந்து வீசியது. ரயில் பாதையில் மாடுகள் ஏற்றிய பெட்டிகள் வந்து நின்றிருந்தன. மாலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்த மாடுகள் நாங்கள் போனபோது கத்தவில்லை. பெட்டிகளின் இடுக்குகளில் மூச்சு மட்டும் வெண்மையாக வந்து போயிற்று. மழைக்கோட்டுக்காரர் முன்னதாகவே வந்து காத்திருந்தார்.

"இன்னிக்கு நான் ஒரு தலைப்புத் தரலாமா?" என்று பணிவாகக் கேட்டார். "அனுமதியில்லாம இந்த நாட்டுல தங்குறவனை வெளியேத்துறதுதான் நியாயம். நீங்க மறுத்துப் பேசுவீங்களா?"

"மறுத்துப் பேசு, புரொபசர்!" என்று இறைச்சிக் கூடத்து ஆள் ஒருவன் கத்தினான். "தோத்தா இன்னிக்கு நீதான் தட்டுக் கழுவணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பின்புறம் தட்டின் ஓசை நின்றது. அது நின்றது என் காதில் விழுந்தது, மறைக்க மாட்டேன். சாலையில் அப்போது எந்தக் காரும் இல்லை. அவையின் அமைதி என்று அதற்கு நானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு பெட்டியின் மேல் ஏறினேன்.

நன்றாகவே பேசினேன். இந்த நாட்டுக்கு முதலில் வந்த கப்பல்கள் யாரிடம் அனுமதி கேட்டன என்று தொடங்கினேன். உழைப்புக்கு முத்திரை உண்டா என்று வினவினேன். ஆனால் கூட்டம் அசையவில்லை. ரயில்வேக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவன் சிகரெட் பற்றவைக்கத் திரும்பினான். கூட்டம் கைநழுவுவதை மேடைக்காரன் உள்ளங்காலில் உணர்வான். அந்த நேரத்துக்கென்றே எங்கள் பயிற்சியில் ஓர் உத்தி உண்டு: கருத்தால் அசையாத அவையை ஒரு மனிதனைக் கொண்டு அசை. கூட்டத்திலேயே ஒருவரைத் தேடு. கையை நீட்டு.

நான் திரும்பினேன். கையை நீட்டினேன்.

"உங்கள் கையிலிருக்கும் தட்டைக் கழுவியவர் யார்? அதோ நிற்கிறார். இரண்டு ஆண்டுகளாக எந்த முத்திரையும் இல்லாமல் நிற்கிறார். அவரால் உங்களில் யாருக்குத் தீங்கு நேர்ந்தது? நேர்ந்திருந்தால் சொல்லுங்கள், இப்போதே அவரை அனுப்பிவிடுவோம்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ ஒருவன் நல்லெண்ணத்தோடு தொங்கும் விளக்கைக் கழற்றி அந்தப் பக்கம் உயர்த்திப் பிடித்தான். நுரை படிந்த கைகளோடு அண்ணன் வெளிச்சத்தில் நின்றார். பிறகு கைதட்டல் எழுந்தது. எனக்கு அந்த நாட்டில் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அது. கூடத்து ஆள் விசிலடித்தான். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மழைக்கோட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மென்மையாக இரண்டு முறை கைதட்டினார். பிறகு தம் டாக்கோவை, இறைச்சியும் ரொட்டியுமாக, முதன்முறையாக முழுவதும் தின்று முடித்தார்.

"அருமையாப் பேசுனீங்க," என்று சொல்லிவிட்டு அத்தி மரத்தை நோக்கி நடந்தார்.

மெக்சிகோக்காரர் மூன்று ரொட்டிகளை வைத்தார். நான் தின்றேன். வாசகரே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்றையும் தின்றேன்.

வீட்டுக்கு நடந்தோம். எங்களுக்குப் பின்னால், விளக்கில்லாமல், ஒரு கார் மெதுவாக வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. அறைக்குள் வந்ததும் அவர் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"மெல்பேர்னிலை எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் இருக்கிறான்," என்றார். "இப்பவே போகலாம். ஆனால் பதில் இந்த விலாசத்துக்குத்தானே வரும். திங்கட்கிழமைத் தபாலைப் பாத்திட்டுப் போறன்."

"நான் வாங்கி அனுப்புறேண்ணே. நீங்க இப்பவே கிளம்புங்க."

"வேண்டாம். உன்னட்டை ஒண்டையும் குடுத்து வைக்கேலாது, தம்பி."

கோபமே இல்லாமல் சொன்னார்.

திங்கட்கிழமை, தபால்காரருக்கு முன்பே கதவு தட்டப்பட்டது. மூன்று பேர். மழைக்கோட்டுக்காரர் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, குடிவரவுத் துறை அட்டையைக் காட்டினார். என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். "உங்ககிட்ட எல்லாம் சரியா இருக்கு. நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல," என்றார். கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அண்ணன் கட்டி வைத்திருந்த பையைத் தாமே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்த வெள்ளியன்று வண்டிக்குப் போனேன். பால் பெட்டி அங்கே இல்லை. மெக்சிகோக்காரர் ஒரே ஒரு ரொட்டியை மடித்து நீட்டி, மறு கையையும் நீட்டி, "காசு," என்றார். தட்டுகளை அவரே கழுவிக்கொண்டிருந்தார்.

பதில் அதற்குள் வந்திருந்தது. வழக்கறிஞரின் பெயர் அச்சிட்ட நீள உறை. அதைப் பிரிக்காமல், அவரை அடைத்து வைத்திருந்த வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு எடுத்துச் சென்றேன். கம்பி வேலிக்குள் ஒரு நீண்ட மேசை. மூலையில் காவலர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அண்ணன் முகச்சவரம் செய்து, சுத்தமான சட்டையோடு வந்தார். மறுநாள் விமானம் என்றார். உறையை வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்து, பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்தார்.

"பிரிச்சுப் பாக்கலையாண்ணே?"

"பிளேனிலை வாசிக்க ஒண்டு வேணும்தானே."

ரயிலில் வரும் வழியெல்லாம் நான் ஒரு மன்னிப்பைத் தயாரித்திருந்தேன். தொடக்கம், மூன்று பிரிவுகள், முடிவுரை. எழுந்து நின்றேன், என் வலக்கை தானாகவே உயர்ந்தது.

"இரு, இரு," என்றார் அண்ணன். அவர் முகத்தில் அந்தப் பழைய கேலி ஒரு கணம் வந்து போனது. "இஞ்ச கைதட்ட ஆக்கள் இல்லை, பேச்சாளர் ஐயா."

கையை இறக்கினேன். உட்கார்ந்தேன். தயாரித்த சொற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காவலர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கத்தான் சொன்னேன். ஆனால் அது மேடைக் குரலாக இல்லை, உடைந்திருந்தது.

"அண்ணே, இனிமே ஒரு ஆளை அவரைக் கேக்காம என் பேச்சுக்குள்ள இழுக்க மாட்டேன். எந்த மேடையா இருந்தாலும் சரி, தோத்தாலும் சரி, யார் பக்கமும் கையை நீட்ட மாட்டேண்ணே."