ஜாமீன் கையெழுத்தைக் காட்டச் சொன்னேன்

கடன் வசூலுக்கு வந்தவருக்குக் கதவைத் தட்டத் தெரியாது. குழாயடியில் பெண்கள் குடத்தோடு நிற்கும் நேரமாகப் பார்த்து, பைக்கை வாசலில் நிறுத்தி, அம்மாவின் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். அவர் கற்ற தொழில் அவ்வளவுதான்: சத்தம்.

எங்கள் ஊர் ஏரியூர்ப் பக்கம். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். நான்கு போல்ட்டு உள்ளே வந்தாலும் கூடவே பேப்பர் வர வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். பொங்கல் லீவில் வந்தபோதுதான் இந்தக் கூச்சல் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்கப் போன ஒரு பெண்ணின் கடனுக்கு அம்மா ஜாமீன் போட்டாராம். போடவே இல்லை என்றார் அம்மா. ஆனாலும் தோட்டின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா இறந்தபோதுகூட அடகுக்குப் போகாத தோடு அது.

“குடுத்துத் தொலைச்சரலாம் கண்ணு. தண்ணி புடிக்கப் போனா எல்லாரும் பேச்ச நிறுத்தறாங்க.”

வெளியே வந்தேன். வசூல்காரர் யாரும் சொல்லாமலே எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று கேட்டேன். ஒன்று, அவருடைய அடையாள அட்டை. இரண்டு, எந்தக் கம்பெனி, எவ்வளவு பாக்கி என்று அச்சடித்த கணக்கு. மூன்று, அம்மா கையெழுத்துப் போட்ட ஜாமீன் பத்திரம்.

“பாப்பா நல்லாப் படிச்சிருக்குது போல,” என்றார், குழாயடியைப் பார்த்து. “படிச்சவங்க வூட்லதான் கடனுக்குப் பேப்பர் கேப்பாங்க.”

“படிக்காதவங்ககிட்ட பேப்பர் இல்லாமயே வசூல் பண்ணிருவீங்களாங்க?”

“அதெல்லாம் ஆபீஸ்ல இருக்குதுங்க.”

“போயி எடுத்துட்டு வாங்க. சேர் இங்கயேதான் இருக்கும்.”

அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டாராம். ஊரார் மறதியைக் குத்திக்காட்டியே சம்பாதிக்கிற மனிதர்.

மறுநாள் ஒரு ஜெராக்ஸோடு வந்தார், ஜெயித்துவிட்ட முகத்தோடு. ஜாமீன்தாரர் என்ற இடத்தில் இனிஷியலோடு அம்மாவின் பெயர். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கலாம், அத்தனை அழகான தமிழ்க் கையெழுத்து.

அம்மாவுக்குத் தமிழ் எழுத வராது. பிறந்து வளர்ந்தது காவிரிக்கு அந்தப் பக்கம். படித்த ஐந்து வகுப்பும் கன்னடம். பேங்கிலும் மகளிர் குழுவிலும் இன்றுவரை கன்னடத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார். தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரைத் தினமும் கத்திய இந்த ஆளுக்கு, அதை அவர் எப்படி எழுதுவார் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பேனாவைக் கொடுத்தேன். அம்மா ஜெராக்ஸின் பின்புறம் கையெழுத்துப் போட்டார்.

வசூல்காரர் குனிந்து பார்த்தார். “என்னங்க இது, ஜிலேபி புழிஞ்ச மாதிரி?”

“அதான் எங்கம்மா கையெழுத்து. பான் கார்டு எடுத்துட்டு வரட்டுமா? அதுலயும் இதே ஜிலேபிதான்.”

அவர் பேப்பரை மடிப்பதற்குள் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

“ஏதோ மிஸ்டேக் ஆயிருக்குதுங்க மேடம். ஆபீஸ்ல சொல்லிடறேன்,” என்று முனகினார். ஒரே நாளில் நான் பாப்பாவிலிருந்து மேடமாகியிருந்தேன்.

அதை எழுதித் தாருங்கள் என்றேன். அதற்குள் அம்மா என்னைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டார்.

“எழுதறத அவகிட்டக் குடு. எனக்கு வாயால சொல்லிட்டுப் போ. தெனமும் எப்படிக் கூப்புட்டியோ, அதே சத்தத்துல.”

அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஏதோ சொன்னார்.

“கேக்கல,” என்றார் அம்மா.

குழாயடியில் ஒருத்தி குழாயை மூடினாள்.

“இந்தம்மாவுக்குக் கடனும் இல்ல, ஜாமீனும் இல்லீங்க!”

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. தொண்டை மட்டும் நல்ல தொண்டைதான்.