குளத்தின் நடுவில் ஒரு குழாய்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது என் வீட்டுக் கொல்லையில், என் மனைவிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஜப்பானில் எங்கள் ஓஜியா மலைப்பக்கம் வீடு வாங்கியதில்லை.

என் பெயர் செய்ஜி. நகராட்சி குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழாய் விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

இந்த ஊரில் வண்ணக் கெண்டை வளர்க்காதவனை யாரும் மனுஷனாகவே மதிப்பதில்லை. வீடு வாங்கிய கையோடு கொல்லையில் ஒரு குளத்துக்குத் திட்டம் போட்டேன். நாலு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம். காகிதத்தில் பதினோரு தடவை வரைந்திருப்பேன். என் மனைவி நட்சுயோ எட்டிப் பார்த்தாள்.

"மீனுக்கு மாளிகை கட்டுறீங்க. நம்ம அடுப்படி ஒழுகுது, அத யாரு பாக்குறது?"

ஆனாலும் மூன்று மீன்குஞ்சுகளைப் போய்ப் பொறுக்கி எடுத்தவள் அவள்தான்.

அக்டோபர் 17, சனிக்கிழமை. காலை 9:20. பக்கத்து வீட்டு கட்சுமி தன்னுடைய சின்ன மண் தோண்டும் இயந்திரத்தோடு வந்தான். 10:40க்குக் குளத்துக்குக் குறித்த இடத்தின் நடுவில் இருந்த பூப்புதரைப் பெயர்த்தபோது 'டங்' என்று ஒரு சத்தம்.

இரும்புக் குழாய். துருப்பிடித்துச் செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

கட்சுமி இயந்திரத்தை அணைத்துவிட்டான். எங்கள் பக்கம் கிணற்றைத் தூர்த்தால், உள்ளே இருக்கும் சாமிக்கு மூச்சு முட்டாமல் இருக்க ஒரு குழாயை நட்டு வைப்பார்கள். அதை மூடக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"டேய், இது கெணத்தோட மூக்குடா. பூசாரியக் கூப்பிடு."

"ஒண்ணேகாலுக்கு கான்கிரீட் லாரி வருது. பூசாரி வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு நிக்குமா?"

"ஒனக்குக் கொழுப்புடா."

"இந்தத் தெரு வரைபடம் எனக்கு மனப்பாடம். இங்க கெணறே கெடையாது. ஏதோ பழைய வடிகால் கொழாய், பேசாம தோண்டு."

அவன் முகத்துக்காகக் கொஞ்சம் அரிசி மதுவும் ஒரு சிட்டிகை உப்பும் தெளித்தேன். குளத்தின் தரைமட்டத்துக்குக் குழாயை அறுத்தேன். கழுத்தில் கிடந்த துண்டை அதன் வாயில் திணித்தேன்.

துண்டு தானாக ஒரு சாண் உள்ளே போனது...

வெளியே இழுத்தேன். துணி வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் காய்ந்த இரும்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் இறுக்கித் திணித்தேன். லாரி வந்தது. கான்கிரீட் விழுந்தது. வீட்டுக்குள் நட்சுயோ இருமினாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த பத்து நாளும் நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு இரைத்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் சுத்தம் என்றார்.

புதுக் கான்கிரீட்டின் சுண்ணாம்புக் காரம் மீனைக் கொன்றுவிடும். அதனால் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, அதை வடிக்க வேண்டும். அக்டோபர் 27 அன்று முதல் நிரப்பு. பிற்பகல் 2:10க்குக் குளம் நிறைந்தது.

3:05. குளத்தின் நடுவில் ஒரு குமிழி.

நான்கு விநாடி... இன்னொன்று.

மறுபடி நான்கு விநாடி. கசிவு இப்படிக் கணக்காக வராது. முப்பத்தெட்டு வருஷம் கசிவு பார்த்தவன் நான்.

பின்னால் 'தொப்' என்று சத்தம். நட்சுயோ சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். கை நெஞ்சில்.

"ஏங்க... மூச்சு..."

குமிழி வந்தது. அவள் மூச்சை விட்டாள்.

குமிழி. மூச்சு.

குமிழி. மூச்சு.

3:09. குமிழி நின்றது.

அவள் வாய் திறந்தே இருந்தது. சத்தம் இல்லை. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

"கட்சுமி! ஆம்புலன்சு!"

மலைமேல் வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடப்பாரையோடு குதித்தேன். மார்பளவுத் தண்ணீர். குழாய்க்கு மேல் இரண்டு விரல் கனம்தான் கான்கிரீட்.

இடித்தேன்.

இடித்தேன்.

ஏழாவது இடியில் விட்டது.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

காற்று வெளியே வந்தது. வெதுவெதுப்பாக. துண்டையும் தள்ளிக்கொண்டு...

"ஹாஆஆ..."

படியில் நட்சுயோவும் அதே சத்தம் போட்டாள். மணி 3:12.

அன்று மாலை, வீட்டை எனக்கு விற்ற தொகுஜிக்குப் போன் செய்தேன். வயது எண்பத்தாறு. குழாய் என்றதுமே குறுக்கிட்டார்.

"மூடிட்டீங்களா?"

"தொறந்துட்டேன் ஐயா. அது எந்தக் கெணறு?"

"கெணறு இல்ல தம்பி. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால மலை சரிஞ்சு, பின்னால இருந்த கொட்டகை மண்ணுக்குள்ள போயிருச்சு. உள்ள என் சம்சாரம். ரோடு இல்ல, மிஷினு வர வழியில்ல. கையில கெடச்ச கொழாய அடிச்சு எறக்குனேன். மூச்சு வந்துச்சு. ரெண்டு நாளு கொழாயில வாய வச்சுப் பேசிக்கிட்டே கெடந்தேன்."

"காப்பாத்துனீங்களா?"

"மூணாம் நாளு எடுத்தாங்க. மண்ணு விழுந்த அந்த நிமிஷமே உசுரு போயிருச்சுன்னு டாக்டரு சொன்னாரு."

போனைக் காதில் வைத்தபடியே கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அவள எடுத்துட்டுப் போன பொறவும் மூச்சு நிக்கல தம்பி. அது யாருதுன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது."

"விக்கும்போது சொல்லியிருக்கலாமே ஐயா!"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

குளத்தை வடித்துவிட்டேன். நடுவில் ஆள் உயரத்துக்குக் குழாயை நீட்டியிருக்கிறேன். குளம் ஆகும்வரை என்று கொடுத்து வைத்த மீன்கள் கட்சுமி வீட்டுத் தொட்டியிலேயே இருக்கின்றன.

நட்சுயோவைப் பக்கத்து நகரமான நாகாவோகாவில் அவள் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நவம்பர் 29, காலை 7:30க்குத் தங்கை போன் செய்து கத்தினாள். அக்காவுக்கு மூச்சு வரவில்லையாம். கொல்லைக்கு ஓடினேன். அந்த வருஷத்தின் முதல் பனி. குழாய் வாயில் ஒரு கைப்பிடி உட்கார்ந்திருந்தது; தட்டிவிட்டதும் அங்கே அவளுக்கு மூச்சு வந்தது. அன்றே அவளை வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

பனி விழாதபடி குழாய் வாயைக் கீழ்நோக்கி வளைத்துப் பார்த்தேன். மேலே கூரை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவள் உதடு நீலமாகிவிட்டது. அதற்கு நேராக வானம் வேண்டும் போலிருக்கிறது.

இங்கே மூன்று மீட்டர் பனி விழும். எனக்கு வயது அறுபத்து மூன்று. இதை எழுதும்போது மாலை 4:40. வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த அறையில் அவள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

போய்ப் பனியைத் தள்ளிவிட்டு வருகிறேன்.