நாகையா வீட்டுக் குளியலறையில் பூத்த பூசணம்

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் பாதித் தெருக்களுக்குச் சுவர் வைத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாந்துச் சட்டி தூக்கி, கொத்தனாராகி, காண்டிராக்டர் என்று போர்டு மாட்டியது வரை ஒருத்தர் தயவில் நிமிர்ந்தவனில்லை. அப்படிப்பட்ட நான் கட்டிய சுவர் ஒன்று, என்னைவிடப் பெரிய அறிவாளி கையில் சிக்கியது. அவர் என் தங்கை அய்யம்மாளின் புருஷன் நாகையா.

நாகையாவின் அப்பா பருத்திக் காட்டுக் கூலி. நாகையா மீசை முளைத்ததும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவர், மருந்து கலக்கும் அறைக்கு போர்மேன் ஆகிவிட்டார். அங்கே அவர் புலி. எந்த மருந்தோடு எது சேரும், எது சேரவே கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஈரக்காற்று அடித்தால் மருந்து நமுத்துவிடும் என்று வேலையையே நிறுத்திவிடுவார். இவ்வளவு அறிவையும் சாயங்காலம் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேன் ஏறுவார் போலிருக்கிறது.

அவர் வீட்டுக் குளியலறைக்கு உயரத்தில் நல்லதொரு ஜன்னல் வைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு தீபாவளியன்று தெருவில் யாரோ விட்ட ராக்கெட் அந்த வழியாக உள்ளே வந்து, கொடியில் கிடந்த அவர் வேட்டியைப் பொசுக்கியது. எடுத்துப் பார்த்தால் அவர் கம்பெனி ராக்கெட். தன் சரக்கின் தரத்தைக் கண்டு அரண்டுபோன மனிதர், மறுநாளே செங்கல் வைத்து ஜன்னலை அடைத்துப் பூசிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பானேன்? நான் வெறுமனே கட்டியவன்தானே.

காற்றுப் போக வழியில்லை. குழாய் வேறு சொட்டிக்கொண்டே இருந்தது. ஈரத்துணியும் உள்ளேயே காய்ந்தது, அதாவது காயவில்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷ ஐப்பசி மழைக்கு மூலையெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூத்தது. நாகையா அதன்மேல் பெயிண்ட் அடித்தார். பூசணம் பெயிண்டைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் தெம்பாக வந்தது. அடுத்து, சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை வாங்கிவந்து ஒட்டினார். எல்லாத் தாளிலும் முருகன். குளிக்கிற இடத்தில் சாமியா என்று அய்யம்மாள் போட்ட சத்தத்தில் அவற்றைக் கிழித்துவிட்டு, தேடிப்பிடித்து சுவிட்சர்லாந்துப் பனிமலையை ஒட்டினார். கார்த்திகை முடிவதற்குள் சுவிட்சர்லாந்து கரிமலை ஆகிவிட்டது.

இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் மகள் ஓவியா அப்போது முழுகாமல் இருந்தாள். தை பிறந்ததும் வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நாள் பேசுவதற்குக் காரியாபட்டியிலிருந்து அவள் மாமியார் பொன்மணி வந்தாள். வந்தவள் கால் கழுவக் குளியலறைக்குள் போனாள்; மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து நாகையாவிடம் சொன்னாள்.

“அண்ணே, கோவிச்சுக்கிராதீக. ஓவியாவுக்கு ஏற்கெனவே மூச்சு இளைப்பு. இந்த வாடைக்குள்ள அவளையும் பச்சப்புள்ளையையும் எப்பிடி விடுவேன்? பேறுகாலம் எங்க வீட்லயே நடக்கட்டும்.”

“வளைகாப்புக்குள்ள சரி பண்ணிருதேன் தங்கச்சி.”

“பண்ணுங்க. வந்து பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.”

தலைப்பிரசவத்தை மாமியார் வீடு பார்த்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? அய்யம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாகையா உடனே தன் தொழில் திறமையைக் காட்டினார். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தார். அது போதாதென்று கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் அதில் ஊற்றினார். மருந்துக் கலவைக்கே போர்மேன்! ஜன்னலில்லாத அறையில் புகை கிளம்பி, கண் எரிந்து, மூச்சுத் திணறிய மனிதரை அய்யம்மாள்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

எனக்குத் தகவல் வந்தது. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இருமிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து குளியலறையை மறித்தார்.

“மச்சான், ஜன்னல மட்டும் தொடாதீக. ராக்கெட் வந்திரும்.”

“ராக்கெட்டு வருசத்துக்கு ஒரு நாளு வரும் மாப்ள. இந்தப் பூசணம் தெனமும் வந்து குடியிருக்கு. வாடகையாச்சும் வாங்குதியா?”

அவர் அசையவில்லை. அய்யம்மாள்தான் அடுப்படியிலிருந்து வந்தாள்.

“உங்க கம்பெனி ரூமுல சன்னல ஒருத்தன் அடைச்சா சும்மா இருப்பீகளா?”

“அது மருந்து இருக்க ரூமு. ஈரம் ஏறிட்டா எல்லாம் நமுத்துப் போகுமே.”

“மருந்து நமுத்தாத்தான் உங்களுக்கு வலிக்கும். எம் மக நமுத்தாப் பரவால்ல. அப்பிடித்தான?”

நாகையா என் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். தானே அடித்தார், அடைத்த செங்கல் விழுந்தது. கொத்து வேலை அவருக்கு வராது, உடைக்கும் வேலை அருமையாக வந்தது.

அதன்பிறகு என் சொல்படி நடந்தது. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தேன். குழாய்க்குப் புது வாசர் போட்டேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவரை நனைத்து, உப்பிய பெயிண்டைச் சுரண்டினோம். காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். பிறகு வெறும் பிளீச்சிங் கரைசலை, ஆசிட் பக்கமே போகாமல், பூசி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம். மார்கழி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தேன். என் சுவர் மறுபடியும் என் சுவராயிற்று.

சொன்னபடி பொன்மணி வந்தாள். மூலைகளில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். “அனுப்புதேன்” என்றாள். வளைகாப்பு முடிந்து ஓவியா வந்தாள். பங்குனியில் பெண் குழந்தை. இளைப்பு எட்டிப் பார்க்கவில்லை.

நாகையாதான் மாறிவிட்டார். கம்பெனியில் விட்டுவந்த அறிவை இப்போது வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். குளித்தவர் சுவரைத் துடைத்து, தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து போட்டுத்தான் வரவேண்டும். ஈரத்துணி மொட்டை மாடிக்கு. பேத்தியைப் பார்க்க வந்த பொன்மணி குளிக்கப் போனாள். நாகையா கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, மூலையில தண்ணி நிக்கும். நல்லாத் தள்ளி விட்டுட்டு வாங்க.”

“நான் விருந்தாளியா வந்தேனா, கூலிக்கு வந்தேனா அண்ணே?”

“நீங்கதான் பாத்துட்டு அனுப்புதேன்னு சொன்னீக. நான் பாத்துட்டுத்தான் வெளிய விடுவேன்.”

உள்ளேயிருந்து தண்ணீர் தள்ளும் சத்தம் கேட்டது.