சந்தனம் பூசிய வயர்

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி டம்ளர்களைக்கூடக் கழுவாமல், அனந்தலக்ஷ்மி பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து பஜனை மண்டலியின் மைக் செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் பழைய வேஷ்டித் துணி. மூலை முடுக்குகளுக்கு, தேய்ந்துபோன பல் பிரஷ். மத்தியானத்துக்குள் பண்டாரா ரோடிலிருந்து மண்டலித் தலைவர் ராமசுப்ரமணியனின் கார் வரும். அதற்குள் அவள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் செட் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் காரில் ஏறிவிடும். நேற்று கமிட்டி அப்படித்தான் தீர்மானித்தது, அவளைக் கேட்காமல்.

"எடுத்துண்டு போகப்போறா. அதைப் போய் இப்படித் துடைக்கறியே?" என்றார் கணவர் வெங்கடேஸ்வரன், ஹாலிலிருந்து.

"அழுக்கோட போனா, கெட்டுப்போறதுக்கெல்லாம் நான்தான் காரணம்னு சொல்லுவா."

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, நேராகத் தலைநகரத்து லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியவள் அனந்தலக்ஷ்மி. காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டே ஹிந்தி கற்றாள். வெங்கடேஸ்வரன் மண்டலிக்குக் காரியதரிசி ஆனபோது செட் அவர்கள் வீட்டுக்கு வந்தது. பெயர் அவருக்கு, வேலை இவளுக்கு. ஆம்ப்ளிஃபையருக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எதனால் கெடும் என்று தெரியும். மே மாதத்து ஆந்திக் காற்று வாரிக்கொண்டு வரும் புழுதி, விளக்கு மங்குகிற மாதிரி இறங்கும் வோல்டேஜ், லூஸான பிளக். எல்லாவற்றுக்கும் மேலே ஆயுத பூஜை. ஒரு வருஷம் பக்தி முற்றிய யாரோ வால்யூம் திருகில் குங்குமத்தைக் கொட்டி, ராமநவமி வரைக்கும் செட் வடாம் பொரிகிற மாதிரி சத்தம் போட்டது. அதற்குப் பிறகு வேறு யாரையும் அவள் தொடவிட்டதில்லை. "மைக் செட் மாமி" என்று பெயர் வந்தது. பிரியமாகச் சொன்னவர்களும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. இரண்டுமே அவளுக்குப் பிடித்திருந்தது.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி முடிந்த அடுத்த வருஷம், ஆயுத பூஜையன்று, ராமசுப்ரமணியன் ஜப்பானிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர் கொண்டுவந்தார். ஆபீஸில் அவர் வெங்கடேஸ்வரனுக்கு மேலதிகாரி. விரல் கனத்துக்கு நீல வயர், இரண்டு முனையிலும் தங்க முலாம், நெடுக அம்புக்குறி.

"சவுண்டு இந்தப் பக்கமாத்தான் ஓடணும் மாமி. அதுக்குத்தான் அம்பு. பாட்டுக் கேக்கக் கேக்க வயர் பழகி, இன்னும் திறந்துண்டு வரும்."

"திருப்பிப் போட்டா பாட்டு பின்னாடியிலேர்ந்து வருமா மாமா?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "அதுக்கெல்லாம் காது தயாராகணும்" என்று சொல்லி, வயரைப் பூஜையில் வைத்து, தங்க முனைகளுக்குத் தம் கையாலேயே சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை சமூகக்கூடத்தில் அதை மாட்டியதும் ஸ்பீக்கர் கரகரத்தது, பிறகு ஊமையாயிற்று. காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட நேரமில்லை, கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவள் நீல வயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டு, பழைய கறுப்பு வயரையே ஜமக்காளத்தின் அடியில் ஓட்டினாள். பஜனை தொடங்கியது. முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த ராமசுப்ரமணியன் தொடையில் தட்டினார்.

"கேட்டேளா! மிருதங்கத்தோட இடது பக்கம் எப்படித் தனியா நிக்கறது! வயர்னா இதுன்னா வயர்!"

"அச்சா, சார்! ரொம்ப அச்சா!" என்றார் வெங்கடேஸ்வரன். சுற்றிலும் தலைகள் ஆடின.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் தம்பூரா "திறந்துகொண்டது". அதற்கடுத்த வாரம் பாடகரின் மூச்சே கேட்டதாம். அவள் வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தாள். இப்படியே மார்கழி பிறந்தது.

நேற்று கமிட்டியில் ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமினார். "இந்த வயருக்குத் தூசி ஆகாது. வராந்தாவிலே வெச்சுக்கற சாமானா இது? இனிமே செட்டு எங்காத்திலே இருக்கட்டும். மாமிக்கும் சிரமம் குறையும்."

இத்தனை வருஷம் புழுதியில் ஒரு நாள்கூட நிற்காத செட்டு! அனந்தலக்ஷ்மி எழுந்து, பையிலிருந்து நீல வயரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முனைகளில் சந்தனம் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதானே மாமா உங்க வயர்? ஆயுத பூஜையிலேர்ந்து இது பைக்குள்ளேதான் இருக்கு. நீங்க கேட்டதெல்லாம் அந்தப் பழைய கறுப்பு வயர்."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறியது.

"அப்போ என் காது பொய் சொல்றதுங்கறேளா?"

"காது என்ன பண்ணும், பாவம். நீங்கதான் சொன்னேள்."

அதோடு கமிட்டி கலைந்திருந்தால் சரி. கலையவில்லை. ஏமாற்றினாள், தலைவரை அவமானப்படுத்தினாள் என்று பேச்சு நீண்டது. வயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெங்கடேஸ்வரன் இப்போது வராந்தா வாசலில் வந்து நின்றார்.

"என் பிரமோஷனுக்கு வேண்டிய கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் அவர் கையிலே இருக்கு, அனந்தம். ஒரு வார்த்தை. சாரின்னு சொல்லிட்டு வந்துடேன்."

"முதல் நாளே சொல்லாம இருந்தேனே, அதுக்கு சாரி சொல்லலாம். அது தப்புதான். ஆனா அந்த மனுஷர் அதைக் கேக்கலையே? அவருக்குக் கேட்டது நெஜம்னு நான் ஒத்துக்கணும். அதுக்கு எனக்கு வாய் வராது."

"அப்போ செட்டு போயிடும்."

"போகட்டும். வயர் முனையைச் சுரண்டித் தரேன், அதையும் எடுத்துண்டு போகட்டும். சுரண்டினா அதுவும் பாடும். கறுப்பு வயர் பாடற மாதிரியேதான் பாடும்."

அவர் ஹாலுக்குத் திரும்பிப் போய்ப் பேப்பரைப் பிரித்தார். அவள் துணியை உதறிப் போட்டுவிட்டு, பின்னாலேயே போய் அவர் எதிரில் நின்றாள்.

"ஏன்னா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்களும் வாரா வாரம் தலையை ஆட்டினேளே. உங்களுக்கு அந்த மிருதங்கம் தனியாக் கேட்டுதா?"

பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. கீழே தெருவில் ராமசுப்ரமணியனின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் பேப்பரை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் கதவைத் திறக்கப் போனாள்.