கடிமேஸ்திரியின் பித்தப்பை

காய்கறி மண்டியில் அவருக்குக் கடிமேஸ்திரி என்று பெயர். மூட்டை வந்து இறங்கியதும் அடிவரை கையை விட்டு ஒரு கேரட்டை உருவுவார். சட்டையில் ஒரு துடை, மண்ணோடு ஒரு கடி. மேலே நல்லதை அடுக்கி அடியில் சொத்தையைத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். பெற்ற தாய் பால் கொடுத்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள்.

வலது விலாவுக்குக் கீழே வலி வந்து வாந்தியெடுத்தபோதும், மருந்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. இரண்டு மாதமாக மனைவி பரிமாறினால், "நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்பார். பிள்ளைகள் இரண்டும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பாள். அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருந்தாலும் தப்பில்லை.

கண் மஞ்சளித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். பித்தப்பைக்குள் நீளமாக ஒன்று நெளிந்தது.

"குடல் புழு. பித்தக்குழாய் வழியா ஏறி வந்திருக்கு."

"இது வேற யாரோட படமோ, யாரு கண்டா?"

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

இழுத்தார்; திரையில் பை கீழே இறங்கியது. விட்டார், ஏறியது. மூன்று தடவை சோதித்துவிட்டு, "என்னோடதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

"கழுவாம ஏதாவது சாப்பிடுவீங்களா? இந்தப் புழுவோட முட்டை மண்ணுலதான் இருக்கும்."

"சமைக்கிறவளைக் கேளுங்க."

மனைவி அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைக் கையில் வைத்திருந்தாள். அதன் பையிலிருந்து பாதி கடித்த கேரட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மண் உதிர்ந்தது.

"வீட்டுல நாலு பேருக்கும் ஒரே சமையல்தான் டாக்டர்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வலிக்கு ஊசி போட்டு, புழு மாத்திரை கொடுத்தார்கள். தானாக இறங்கிவிட்டால் நல்லது, உள்ளேயே செத்துப்போனால் பையையே அறுத்தெடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன். பை காலி.

அன்று மதியம் தட்டின் முன் உட்கார்ந்தவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இனிமே நீ சாப்பிட்டுக் காட்ட வேணாம்மா" என்றார்.

அவள் வழக்கம்போல ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கினாள்.

"புழுதானே போயிருக்கு" என்றாள். "இப்ப சாப்பிடுங்க."