அவரைப் பந்தலில் தொங்கிய சப்பாத்து

அவரை இலையைக் கசக்கினால் ஒரு பச்சை வாடை விரலில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. பத்து வயதில் என் விரல்களில் அந்த வாடை எப்போதும் இருந்தது, ஏனென்றால் எங்கள் கொடியில் கசக்குவதற்கு இலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜார்ஜ் டவுனில் அரசாங்க ஊழியர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் புவனாவுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. இரண்டு கொல்லைக்கும் நடுவே என் தாடை உயரத்துக்கு ஒரு கம்பிவேலி. கடலுக்கு அக்கரையில் இருந்த பாகான் டாலாமிலிருந்து சின்னம்மா ஃபெரியில் கொண்டுவந்த அவரை விதையை அம்மா இரண்டாகப் பிரித்து, பாதியை வேலிக்கு மேலே நீட்டினார். ஒரே விதை, ஒரே நாள், ஒரே மழை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் புவனா வீட்டுப் பந்தல் ஊதாப் பூவாகக் குலுங்கியது. எங்களுடையது சமையலறைக் கூரை வரை ஏறி, பச்சையாய்ப் படர்ந்ததோடு சரி. அவளோ செடிக்குத் தண்ணீர்கூட ஒழுங்காக ஊற்ற மாட்டாள். நான் "பாசார்" சந்தைக் கோழிக்கடையின் சீன முதலாளி "தவுக்கே"யிடம் கெஞ்சி எரு வாங்கிவந்து வாரத்துக்கு இரண்டு முறை கொட்டினேன். எரு மிஞ்சினால் அவரை இலையாகவே தழைத்துப் பூக்க மறந்துவிடும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தபோது எனக்குப் பதினான்கு வயது.

விடுமுறைக்கு முன்பே தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார்: "பொங்கலுக்கு ஸ்கூல்ல சாம்பார் வைக்கிறோம். வீட்டுல விளைஞ்ச காய் கொண்டு வர்றவங்க பேரு ஒரு வாரம் போர்டுல இருக்கும்." அந்த ஒரு வாரத்துக்காகத்தான் அத்தனை கோழி எருவும்.

ஒருநாள் புவனாவின் அம்மா வேலியருகே வந்தார். "ஏம்மா, பிள்ளையோட பழைய சப்பாத்து இருந்தா ஒண்ணு குடு லா. பந்தல்ல கட்டணும். ஊர்க் கண்ணு பொல்லாதது." அம்மா சிரித்துக்கொண்டே காலில் போட்டுக் கிழிந்த என் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். என் கண்ணைத் தடுக்க என் சப்பாத்தே அங்கே தொங்கியது.

ஆத்திரத்தோடு ஒரு யோசனையும் வந்தது. கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் அதை ஏன் வீணாக்க வேண்டும்? தினமும் வேலியில் தாடையை வைத்துக்கொண்டு, சப்பாத்தின் பக்கம் பார்வை போகாமல், பூக்களை மட்டும் கொத்துக் கொத்தாக முறைத்தேன். முறைத்து முறைத்து, அந்தக் கொடி அந்த வீட்டாரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது. எந்தக் கொத்தில் நேற்று பிஞ்சு விட்டது, எந்தத் தண்டு வேலிப் பக்கம் திரும்புகிறது, எல்லாம். அதனால், நுனிக் கொழுந்துகளில் மிளகுத்தூளைத் தூவினாற்போல் கறுப்புப் பூச்சியும், அதைத் தேடி ஏறும் எறும்பு வரிசையும் முதலில் என் கண்ணில்தான் பட்டன.

பலித்துவிட்டது என்று குதித்தேன். அன்று சாயங்காலமே குதிப்பு அடங்கி, மறுபடி வேலியருகே போய்ப் பார்த்தேன். எங்கள் கறிவேப்பிலையில் இதே பூச்சி வந்தபோது அம்மா சோப்புத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், "நீ எதுக்கு எங்க பந்தலையே பார்த்துக்கிட்டு நின்னே?" என்று புவனா கேட்பாள். சொல்லவில்லை. பள்ளி திறப்பதற்குள் கொத்துகள் கருகி உதிர்ந்தன.

பொங்கலுக்கு முதல்நாள் புவனா வேலியருகே வந்து நின்றாள். கையில் ஆறே காய். மூன்றை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க. உன் சப்பாத்து தொங்கினதாலதான் இவ்வளவாச்சும் தப்பிச்சுச்சாம்."

"எனக்கு வேணாம்."

"பெரிய இவ. வாங்கிக்கோ லா. சாம்பார்ல விழுந்துட்டா யாரு காயின்னு தெரியவா போகுது?"

வாங்கிக்கொண்டேன். போர்டில் இரண்டு பெயரும் இருந்தன, என்னுடையது கீழே. அந்த ஒரு வாரமும் அதை நிமிர்ந்து பார்க்கவே எரிச்சலாக இருந்தது. காயில் மட்டும்தான் அவள் என்னை முந்தினாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. கொல்லை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. நான் பதினோராவது மாடியில், பால்கனியில் ஒரு தொட்டியோடு இருக்கிறேன். புவனா மெல்பர்னில். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள்: இடுப்பளவு செடிகள், வெள்ளையில் கறுப்புப் பொட்டு வைத்த பூக்கள். "ப்ராட் பீன்ஸ், இங்கத்து அவரை. குளிர் வேணும் இதுக்கு, நம்ம ஊர்ல வராது" என்று எழுதியிருந்தாள்.

பழைய எரிச்சல் திரும்பிவர அந்தக் கடைசி மூன்று சொற்கள் போதுமாயிருந்தன. படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, பூப்பூவாக, தண்டு தண்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நுனியில், இலைக்கு அடியில், மிளகுத்தூள்.

"நுனியைப் பாரு, கறுப்புப் பூச்சி. இன்னைக்கே சோப்புத் தண்ணி அடி" என்று உடனே எழுதினேன்.

அரை நிமிடத்தில் பதில் வந்தது. "அட, ஆமா. தினமும் பார்க்கிற எனக்கே தெரியலை, அங்கிருந்து உனக்கு எப்படி லா தெரிஞ்சுச்சு?"

நான் மறுபடியும் படத்தை விரித்து, அடுத்த தண்டுக்குப் போனேன்.