கொரோனர் மன்றத்தில் நான் சொன்ன நாலு வரி

சாட்சி சொன்னதைத் தட்டச்சு செய்து முடித்ததும் அதைச் சாட்சிக்கே உரக்க வாசித்துக் காட்டவேண்டும். அது அந்த மன்றத்தின் முறை. வாசித்து முடிந்ததும் கொரோனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று கேட்பார். மற்ற நீதவான்கள் கேட்ட கையோடு பேனாவை நீட்டுவார்கள். இவர் காத்திருப்பார். சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் காதில் விழும்வரை சாட்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல், ஒளித்துவைத்திருந்ததைச் சொல்லி உடைந்துபோனவர்கள் பலர். நான் இன்னொரு தாளை உருளையில் ஏற்றுவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் படித்த சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் நம்பி மெல்பேர்ணுக்கு வந்தவள் நான். கிடைத்த முதல் உத்தியோகமே இதுதான். எங்கள் ஊரில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்போமே, அந்த வேலையைத்தான் கொரோனர் செய்தார். ஆனால் ஊரில் அவர் நமக்குத் தெரிந்த மனிதராக இருப்பார். முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தால், "நெஞ்சுவலி" என்று வீட்டார் சொன்னதைப் பெரும்பாலும் அப்படியே எழுதிக்கொண்டு போவார். இங்கே கொரோனர் யார் தேத்தண்ணி கொடுத்தாலும் குடிக்கமாட்டார். ஒருவர் கொன்றிருக்கிறார் என்று பட்டால் அந்த இடத்திலேயே அவரைக் கொலை வழக்குக்கு அனுப்பும் அதிகாரமும் அன்று அவரிடம் இருந்தது. இன்று அது இல்லை என்கிறார்கள்.

கொரோனர் நல்லவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீரில் மூழ்கிய ஒரு குழந்தையின் விசாரணையைத் தட்டச்சு செய்துவிட்டு முதல் தடவை நான் அழுதபோது, "மூன்றாம் பக்கத்தில் பிழை இருக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள்" என்றார். கல்லுப்போன்ற மனிதர் என்று அன்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கைக்கு ஒரு வேலை தந்து என்னை எழுப்பிவிட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. அடிக்கடி ஒன்று சொல்வார்: "இந்த அறையில் பேசமுடியாதவர் ஒருவர்தான். நான் அவருடைய ஆள்."

அப்போது நாங்கள் இருந்த கிளென் வேவர்லிப் பக்கம் தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். அவன் தொழிற்சாலையில் பொறியியலாளன், என்னை அக்கா என்பான். அவள் கலியாணமாகி வந்து ஒரு வருடமும் ஆகாதவள். பகல் முழுக்க அந்த வீட்டில் தனியே இருப்பாள். ஊருக்குப் போகவேண்டும் என்று அவள் கேட்பதும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவன் சத்தம் போடுவதும் எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, ஒருக்கா வாங்கோ. அவ எழும்புறா இல்லை."

போனபோது அவள் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. கட்டிலருகே வெறும் மாத்திரைப் போத்தலும் ஒரு கோப்பையும். எத்தனையோ சாவுகளைத் தட்டச்சு செய்தவள் நான். எதையும் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை எழுத்து எழுத்தாக அடித்தவளும் நான்தான். அவளை அந்த மேசையில் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. ஊரில் அவளுக்குக் கலியாணமாகாத இரண்டு தங்கச்சிமார் இருந்தார்கள். தன்னையே மாய்த்துக்கொண்டவளின் தங்கச்சி என்று பெயர் வந்தால் அவர்கள் கதி என்ன? அவனை முன்னறையில் இருத்திவிட்டு, அவளைக் குளிப்பாட்டித் தலை துடைத்து, கூறைச்சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசினேன். கோப்பையைக் கழுவினேன். போத்தலை என் கைப்பைக்குள் போட்டேன். தலையணையின் கீழே அவனுக்கு எழுதிய ஒரு கடிதம் இருந்தது. ஒரு தடவை வாசித்தேன். குசினியில் அடுப்பை மூட்டி அதை எரித்தேன். அவனிடம் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

"நெஞ்சுவலி எண்டு சொல்லி டொக்டரைக் கூப்பிடும். என்ர பேர் வரப்படாது, தம்பி. நான் அங்கதான் வேலை செய்யிறன்" என்றேன்.

"ஓம் அக்கா" என்றான்.

வந்த டொக்டர் ஈரத்தலையையும் பட்டுச்சேலையையும் பார்த்தார். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு நெஞ்சுவலி என்று கையெழுத்து வைக்க அவர் என்ன பைத்தியமா? பொலிசைக் கூப்பிட்டார். பரிசோதனையில் மாத்திரை தெரியவந்தது. போத்தல் இல்லை, கோப்பை கழுவியிருக்கிறது, உடம்பு கழுவியிருக்கிறது, முதல்நாள் அவன் சத்தம் போட்டதைப் பக்கத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள். யார் குளிப்பாட்டியது என்று கேட்டதற்கு, தானே குளிப்பாட்டியதாக அவன் சொல்லிவிட்டான். கொடுத்த வாக்குக்காக என் பெயரை அவன் எடுக்கவேயில்லை. நானோ வாயை மூடிக்கொண்டு அவனுக்குச் சோறு சமைத்துக் கொண்டுபோனேன். விசாரணைக்கு நாள் வர இரண்டு மாதம் பிடித்தது. வெறும் விசாரணைதானே, விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாளன்று தட்டச்சு மேசையில் நான்தான். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒவ்வொரு பொய்யும் என் விரல் வழியாகவே போனது. வாசித்துக் காட்டினார்கள். கொரோனர் கண்ணாடியைக் கழற்றினார். "இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?" பின்வரிசையில் இரண்டு துப்பறியும் பொலிஸ்காரர்கள் எழும்பத் தயாராக இருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடிகாரம் ஓடியது. அவன் மாற்றமாட்டான், அந்த வாசலால் கைவிலங்கோடுதான் வெளியே போவான் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழும்பி நின்றேன்.

என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். வேறொருத்தி என் கதிரையில் வந்து இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எறிய மனமில்லாமல் கைப்பையிலேயே வைத்திருந்த போத்தலைக் கொடுத்தேன். அதில் மருந்துக்கடை ஒட்டிய தாளில் அவளுடைய பெயரே இருந்தது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கொரோனர் கேட்டார். நாலு வரி சொன்னேன். இந்த வீட்டுக்குள் எனக்குப் பகல் போகவில்லை. காய்ச்சலில் போய்விட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். என் சேலைகளைத் தங்கச்சிமாருக்கு அனுப்புங்கள். உங்களில் ஒரு பிழையும் இல்லை.

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். அந்த மன்றத்தில் என்னைத் தவிர யாருக்கும் விளங்காத தமிழில், "அக்கா, அவ எனக்கு எழுதினதை எரிச்சுப்போட்டோ இவ்வளவு நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்து தந்தனீங்கள்?" என்றான்.

என் வாக்குமூலத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மாற்ற வேண்டுமா என்று கொரோனர் கேட்டார். என்னை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள், வேறு எவர்மீதும் குற்றமில்லை என்று முடிவு சொன்னார். அவன் வீட்டுக்குப் போனான். பின்னேரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அந்தப் பெண் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அதை நீங்கள் எரித்துவிட்டீர்கள்" என்றார். என்மேல் வழக்குப் போடவில்லை; வேறோர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு மரியாதையும் வரும், பயமும் வரும்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவன் சிட்னிக்குப் போய் நார்த்மீட்டில் இருக்கிறான். மறுபடி கலியாணம் செய்யவில்லை. பல வருடம் என்னோடு பேசாமலிருந்தான். பிறகு ஒரு வருடம் அவளுடைய திவச நாளன்று தொலைபேசி எடுத்து, "அக்கா, அந்தக் கடிதத்தை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு திவசத்துக்கும் கேட்கிறான். நானும் சொல்கிறேன். முதல் மூன்று வரியும் அவளுடைய சரிந்த கையெழுத்தில் இன்றைக்கும் கண்முன்னே நிற்கின்றன. நாலாவது வரியைத் தேடினால் கடிதத்தில் அது கிடைக்கவில்லை. சாட்சிக்கூண்டில் நின்று நான் சொன்ன குரல் மட்டும்தான் கேட்கிறது. அவள் எழுதினாளா, அவனைக் காப்பாற்ற நான் சேர்த்தேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அவன் காத்திருப்பதோ அந்த வரிக்காகத்தான். அதைச் சொன்னதும் மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். "காணும் அக்கா, போதும்" என்று தொலைபேசியை வைத்துவிடுவான். இந்த வருடமும் கேட்டான். நாலு வரியையும் சொன்னேன்.